நாலு கேள்விக்காக உடைத்த லொகின் திரை

லினக்ஸ் நிர்வாகத்துக்கான எல்பிஐசி-1 சான்றிதழ்ப் பரீட்சை எடுக்கப் போகிறோம் என்று கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் சிலர் அடிக்கடி கேட்கிறார்கள், எப்படிப் படிச்சனீங்கள் என்று. ஒழுங்காகப் படித்த கதை என்னிடம் இல்லை. பிழைவிட்டுப் படித்த கதை இருக்கிறது.

தெரிந்த அண்ணை ஒருவர் தந்த நோட்ஸை வைத்துத்தான் தொடங்கினேன். அது 2018 இல் ஐந்தாம் பதிப்புப் பாடத்திட்டம் வர முன்னர் எழுதினது. அதில் 106.2 என்ற பகுதி, லொகின் திரையைக் கொண்டுவருகிற டிஸ்பிளே மனேஜரை அமைப்பது. அப்படியொரு டிஸ்பிளே மனேஜரான லைட்டிஎம்மை நிறுத்துவது, தொடக்குவது, அதன் வரவேற்பு வாசகத்தை மாற்றுவது எல்லாம் இருந்தது. இப்போது அந்த இலக்கத்தில் இருப்பது கேடிஈ, க்னோம், எக்ஸ்எஃப்சிஈ போன்ற டெஸ்க்டொப்களும், விஎன்சி, ஆர்டிபி, எக்ஸ்டிஎம்சிபி போன்று இன்னொரு மெஷினின் திரையைத் தூர இருந்து பார்க்கிற வழிகளும். டிஸ்பிளே மனேஜர் 106.1 க்குள்ளே ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. 106 ஆம் தலைப்பு முழுவதற்கும் எடை 4. அதாவது இரண்டாவது தாளான 102 இன் 60 கேள்விகளில் நாலு மட்டில். அந்த நாலுக்கு நான் மூன்று கிழமை செலவழித்தேன். ஆகவே நோட்ஸைத் திறக்க முன்னம், பாடத்திட்டத்தின் பதிப்பு எண்ணை ஒருக்கால் பாருங்கள்.

ஆனாலும் அந்த மூன்று கிழமையை நான் நட்டமாக நினைக்கவில்லை.

என்னிடம் இருந்தது கைமாறி வந்த பழைய லப்டொப். அதில் ஆர்ச் லினக்ஸும் எக்ஸ்எஃப்சிஈயும் போட்டேன். டேட்டா மிச்சம் பிடிக்க நினைத்து லைட்டிஎம்மை மட்டும் இறக்கி, மெஷின் தொடங்கும்போதே அது ஓடும்படி சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் எனேபிள் பண்ணி, ரீபூட் செய்தேன். லொகின் திரை வரவேயில்லை. கரண்ட் வந்து போய்க்கொண்டிருந்த நாள் வேறு, மெஷின்தான் போய்விட்டதோ என்று பயந்துபோனேன். கன்ட்ரோல், ஓல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும் என்பது அந்தப் பதற்றத்தில்தான் மனதில் பதிந்தது. அங்கே லொகின் பண்ணி ஜேர்னல்சிடிஎல் கட்டளையில் லைட்டிஎம்மின் பதிவைப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது: கிரீட்டர் இல்லை. லைட்டிஎம் பின்னால் நின்று வேலை செய்கிற ஆள். பெயரும் பாஸ்வேர்ட்டும் கேட்கிற முகம் தனிப் பொதி. ஜிடிகே கிரீட்டரை இறக்கியதும் திரை வந்தது. அதற்குப் பிறகு டிஸ்பிளே மனேஜருக்கும் கிரீட்டருக்கும் வித்தியாசம் என்ன என்று எவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, ஆசையில் எஸ்டிடிஎம் என்ற இன்னொரு டிஸ்பிளே மனேஜரையும் போட்டேன். எனேபிள் பண்ணினால் கோப்பு ஏற்கனவே இருக்கிறது என்று மறுத்தது. டிஸ்பிளே-மனேஜர் சேர்விஸ் என்பது ஒரே ஒரு சுட்டிதான், ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் காட்டும். பழையதை டிசேபிள் பண்ணிவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் இதே வேலைக்கு டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் என்று கட்டளை உண்டு. அது பட்டியல் காட்டிக் கேட்கும், சுகம்.

மாலை நேரம் நான் உதவிக்கு நிற்கிற வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இன்னொரு வில்லங்கம். பாஸ்வேர்ட் சரியாக அடிக்கிறா, திரை ஒருமுறை இருண்டு மறுபடி லொகினுக்கே வந்து நிற்கிறது. பாஸ்வேர்ட் பிழையென்றால் பிழை என்று சொல்லும். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தால் செஷன் தொடங்கி உடனே செத்துப்போகிறது என்று அர்த்தம். எழுத்துத் திரையில் அதே பாஸ்வேர்ட் வேலை செய்தது. தேடினால், முந்தின நாள் சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகியின் அதிகாரத்தோடு, வரைகலைத் திரையைத் தொடக்குகிற ஸ்டார்ட்எக்ஸை ஓட்டியிருக்கிறா. அவவின் வீட்டு அடைவில் இருந்த, திரையைத் திறக்க அனுமதி தருகிற எக்ஸ்ஆத்தோரிட்டி என்ற மறைகோப்பு ரூட்டின் பெயருக்கு மாறியிருந்தது. உரிமையை மாற்றியதும் தீர்ந்தது. டிஸ்க் நிரம்பினாலும் இதே வியாதி வரும், முதலில் டிஸ்க்கில் மிச்ச இடம் காட்டுகிற டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

தாளைப் பற்றிச் சொல்வதென்றால்: 90 நிமிடம், 200 இலிருந்து 800 வரையான அளவில் 500 எடுத்தால் சித்தி. 101, 102 இரண்டும் வேண்டும். தமிழில் இல்லை. தெரிவுக் கேள்விகளோடு, நாமே கட்டளையை எழுத வேண்டிய கேள்விகளும் வரும். அங்கே ஒரு எழுத்துப் பிசகினாலும் போச்சு. வரைகலைத் திரையோடு தொடங்குகிற கிராஃபிக்கல் டார்கெட், எழுத்துத் திரையோடு தொடங்குகிற மல்டி-யூசர் டார்கெட் இரண்டையும் கையால் எத்தனையோ தடவை மாற்றிப் பழகியது அங்கே கைகொடுக்கும். என்ன கேள்வி வந்தது என்று கேட்காதீர்கள், வெளியில் சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறோம். நான் கொழும்புக்குப் போய் எழுதினனான். இரவு பஸ்ஸில் ஏ9 வழியாகப் போய் இறங்கி, அந்த நித்திரைக் கண்ணோடு நேரே மண்டபத்துக்குள் போனது மடத்தனம். முதல் நாளே போய்விடுங்கள்.

உடைத்துப் பார்க்கச் சொந்த மெஷின் இல்லாதவர்கள் சனிக்கிழமை பின்னேரம் வகுப்புப் பக்கம் வரலாம். மூலையில் இருக்கிற பழைய பெட்டியில் கிரீட்டரைக் கழற்றி வைத்திருக்கிறேன்.