காலையில் மட்டும் மக்கர் செய்த பழைய பிசி

சித்தப்பாவின் கம்ப்யூட்டர் இப்போது என் மேஜையில். 2009-ல் அசெம்பிள் செய்தது. அத்லான் டூ எக்ஸ்2 பிராசசர், டிடிஆர்2 ராம், விண்டோஸ் 7. நங்கநல்லூர் ஃபிளாட் அசோசியேஷனின் கணக்கு மொத்தமும் இதற்குள்தான். காலையில் பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. "நாலஞ்சு தடவை ஆஃப் பண்ணிப் போட்டா வந்துடும்டா, தூக்கிப் போட்டுடாதே" என்று சொல்லித்தான் கொடுத்தார். வந்துவிட்டால் நாள் முழுக்கத் தொந்தரவே இல்லை, மதியம் ரீஸ்டார்ட் செய்தாலும் சட்டென்று எழும்.

கேட்ட எல்லாரும் ராமைக் கழற்றி ரப்பரால் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தேன், பலனில்லை. பிறகு ராமையே முழுதாகக் கழற்றிவிட்டு, போர்டில் சின்ன ஸ்பீக்கரை மாட்டி ஆன் செய்தேன். பிராசசர் உயிரோடு இருந்தால் ராம் இல்லை என்று பீப் அடித்துக் கத்தும். காலையில் சத்தமே இல்லை, சூடான பிறகு கத்துகிறது. ராம் வரைக்கும் விஷயம் போகவே இல்லை, கோளாறு அதற்கு முன்னாடியே என்று தெரிந்துவிட்டது.

அடுத்த சந்தேகம் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி. மல்டிமீட்டரில் 12 வோல்ட் லைன் 11.9 காட்டியது, 5 வோல்ட் லைன் 5.04. இரண்டுக்கும் 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதனால் நல்ல ரீடிங்தான். ஆனால் ரிப்பிள், அதாவது வோல்ட்டில் வரும் வேகமான ஏற்ற இறக்கம், மீட்டரில் தெரியாது. அதனால் என் பிசியின் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்த்தேன். அதே கதை. பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை, நல்லதாகப் போயிற்று. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்காது.

மிச்சம் மதர்போர்டு. சூடானால் சரியாகிறது என்றால் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். வயதானால் அதன் ஈஎஸ்ஆர், அதாவது உள்தடை, ஏறும். குளிர்ந்திருக்கும்போது இன்னும் மோசம், சூடேறினால் கொஞ்சம் இறங்கும். சென்னையில் உட்கார்ந்துகொண்டு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் மெஷின்! மார்கழிக் காலையின் இருபத்திச் சொச்சம் டிகிரியே அதற்குப் போதும்.

உறுதி செய்ய, காலையில் ஆன் செய்வதற்கு முன் பிராசசர் பக்கத்துக் கெப்பாசிட்டர்களுக்கு ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மிதமான சூடு காட்டினேன். முதல் அமுக்கிலேயே வந்தது. பிராசசரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு கெப்பாசிட்டரின் தலை பூரி மாதிரி உப்பியிருக்கிறது. மற்றவை பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. உப்பாததெல்லாம் நல்லது என்று அர்த்தமில்லை, அந்த வரிசை முழுவதையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடந்தால் வந்துவிடும். மதர்போர்டுக்கு என்று சொல்லாமல் வெறும் "1500 மைக்ரோ, 6.3 வோல்ட்" என்று கேட்டால் சாதா கெப்பாசிட்டர்தான் கைக்கு வரும். லோ ஈஎஸ்ஆர், 105 டிகிரி சூடு தாங்குவது என்று அழுத்திச் சொல்ல வேண்டும். வோல்ட் அதிகமானதைப் போட்டால் தப்பில்லை, ஆனால் உடம்பு பருத்து ஹீட்சிங்கில் இடிக்கும். அதனால் பழையது ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்துத்தான் வாங்கினேன்.

சால்டரிங்தான் பொறுமையைச் சோதித்தது. கிரவுண்டு கால் உட்கார்ந்திருக்கும் செப்புத் தளம் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொள்கிறது. 25 வாட் அயர்ன் அங்கே எடுபடவில்லை, நண்பரின் 60 வாட்டில்தான் ஈயம் உருகியது. கெப்பாசிட்டரின் பிளஸ், மைனஸ் மாறிவிடக் கூடாது. போர்டில் அதன் வட்டத்தில் நிழலடித்த பாதி எல்லாக் கம்பெனி போர்டிலும் மைனஸ் என்று சொல்ல முடியாது. கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்வது உத்தமம்.

கையோடு போர்டின் செட்டிங்கைக் காப்பாற்றும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றினேன். அதில் புதுத் தலைவலி. பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் புரோகிராம், பழைய செட்டிங்கை மறந்து, ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் சாட்டா மோடை ஐடிஇ என்ற பழைய முறைக்குக் கொண்டுபோய்விட்டது. விண்டோஸ் ஏஹெச்சிஐ என்ற இன்னொரு மோடில் போட்டது, அதனால் நீலத் திரை, கடைசியில் 7பி என்று முடியும் எரர். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று இந்த இடத்தில் ஃபார்மட் அடிப்பவர்கள் உண்டு. மோடைத் திருப்பி மாற்றினதும் டெஸ்க்டாப் வந்தது.

இப்போது காலையிலும் ஒரே அமுக்கில் எழுகிறது. கணக்கை முதல் வேலையாகப் பென்டிரைவில் எடுத்தாயிற்று. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடு அப்டேட் நின்றுபோனதால், அடுத்து ஒரு சின்ன எஸ்எஸ்டி-யில் லினக்ஸ் போட்டுப் பார்க்கப் போகிறேன். சித்தப்பா கேட்டது ஒன்றுதான்: "பிரிண்டர் ஓடுமாடா அதுல?"