அரைச் சம்பள லெப்டினன்டின் நாட்குறிப்பு: லண்டன், 1818–19

1818 ஜூலை 6
கப்பல் இல்லாமல் அரைச் சம்பளத்தில் கிடக்கும் எனக்குச் சிலியின் கடற்படைதான் வழி. அதற்கு ஆள் எடுக்கும் முகவர் வீட்டில் இல்லையாம். மாடி ஜன்னலில் திரை அசைந்ததைப் பார்த்தேன்.

ஜூலை 9
விண்ணப்பத்தை மறுபடி எழுதினேன். 1805 டிரஃபால்கர் கடற்போரைச் சேர்ப்பதா, விடுவதா? அங்கே நம்மிடம் ஸ்பெயினும் தோற்றது. சிலி எதிர்ப்பதும் ஸ்பெயினைத்தான். சேர்த்துவிட்டேன். அப்போது எனக்குப் பதினாறு வயது என்பதை மட்டும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 22
கோக்ரேன் பிரபு பிரான்ஸின் பூலோன் துறைமுகத்திலிருந்து ‘ரோஸ்’ கப்பலில் மனைவி மக்களோடு கிளம்பிவிட்டார். பங்குச் சந்தை மோசடி வழக்கால் 1814இல் நம் கடற்படையிலிருந்து நீக்கப்பட்டவர். சிலியில் அவருக்குக் கடற்படைத் தலைமையே காத்திருக்கிறது. எனக்குப் பொறாமை இல்லை. இருக்கிறது.

ஆகஸ்ட் 23
மழை. சீருடையில் பூச்சி அரித்த இடத்தைத் தைத்தேன்.

செப்டம்பர் 14
ஏப்ரலில் நடந்தது இப்போதுதான் காதுக்கு எட்டியது. சிலியின் வால்பரைசோ துறைமுகத்துக்கு வெளியே சிலியின் ‘லவுத்தாரோ’ கப்பல், ஸ்பெயினின் ‘எஸ்மரால்டா’வை மோதியது. ‘லவுத்தாரோ’வின் கேப்டன் ஓ’பிரையன் சில ஆட்களோடு எதிரியின் தளத்தில் குதித்தார். அதற்குள் கப்பல்கள் விலகிவிட்டன. அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ‘லவுத்தாரோ’ வேறொன்றுமில்லை, நம் பழைய ‘விண்டாம்’, கிழக்கிந்திய வணிகக் கப்பல். இரவெல்லாம் ஒரே யோசனை: இரண்டையும் சேர்த்துக் கட்டாமல் எப்படிக் குதித்தார்? கொக்கி எறிய ஆள் இல்லையா? கயிறு அறுந்ததா? நானாக இருந்தால் முதலில் கட்டியிருப்பேன். விடியும் நேரத்தில் வேறொன்று உறைத்தது: அவர் இடம் காலி. முகம் கழுவியதும் முகவர் வீட்டுக்கு ஓடினேன்.

செப்டம்பர் 15
இல்லையாம்.

1819 மே 18
அந்நியப் படையில் சேருவதைத் தடுக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. இதையே தடுத்த 1817 நவம்பர் அரச அறிவிப்பைப் பலர் சட்டை செய்யவில்லை. இதை மீறினால் அபராதம், சிறை. நெப்போலியனோடு போர் முடிந்ததும் ஒரு லட்சத்தைத் தாண்டிய கடற்படை 20,000 பேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனக்குக் கப்பல் தரமாட்டார்கள். தருகிறவனிடம் போகவும் விடமாட்டார்கள். அந்தக் கயிறு அறுந்துதான் இருக்கவேண்டும்.

ஜூன் 11
முகவரைப் பார்த்துவிட்டேன்! ஸ்பானிய மொழி வருமா என்று கேட்டார். வரும் என்றேன். இன்றிரவே இலக்கணப் புத்தகம் வாங்கவேண்டும். லெப்டினன்ட் பதவிதான், வழிச்செலவு என்னுடையது. கடலில் இருக்குமிடத்தைக் கணிக்கும் கருவியான என் செக்ஸ்டன்டை விற்றால் போகலாம். செக்ஸ்டன்ட் இல்லாத அதிகாரியை அங்கே யார் மதிப்பார்கள்?

ஜூலை 3
மசோதா சட்டமாகிவிட்டது.

ஜூலை 5
கிரேவ்ஸெண்டில் ஒரு கப்பல் நிற்கிறது. பயணிகள் பட்டியலில் என் தொழில் ‘விவசாயி’. ஏர் பிடித்த கையா என்று யாராவது உள்ளங்கையைப் பார்த்தால் தீர்ந்தது. செக்ஸ்டன்டை விற்கவில்லை. பணம் எப்படிக் கிடைத்தது என்பதை நாளை எழுதுகிறேன்.