பெரியப்பாவின் படங்கள் இன்னொருவர் கணக்கில்

சினிமா தகவல் தளம் ஒன்றில் எங்கள் பெரியப்பா நடித்த படங்களெல்லாம் வேறொருவர் கணக்கில் கிடந்தன. அதைப் பிரித்து வாங்கிய கதையை எழுது என்று சொந்தக்காரர்கள் ரெண்டு மூணு பேர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன். எந்தத் தளம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பெரியப்பா கும்பகோணம் பக்கம். கம்பெனி நாடகத்தில் இருந்து சினிமாவுக்குப் போனவர், ஐம்பதுகளில் வக்கீல், கணக்குப்பிள்ளை என்று ரெண்டு சீன் வேஷங்கள். அவருடைய பெயர் டெல்டாவில் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும். ஒரு படத்தின் டைட்டிலில் ஊர் எழுத்தும் அப்பா எழுத்தும் சேர்ந்து வரும், இன்னொன்றில் ஒரே எழுத்து, வேறொன்றில் எழுத்தே கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஏற்றும்போது எழுபதுகளில் நடித்த இன்னொருவரோடு சேர்த்துவிட்டார். அந்தப் பக்கத்தின்படி பெரியப்பா காலமான பிறகும் விடாமல் நடித்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தளங்கள் இயங்கும் விதமே அப்படித்தான். ஐஎம்டிபி 1990-இல் ரசிகர்கள் தொகுத்த பட்டியலாகத் தொடங்கியது, 1998-இல் அமேசான் வாங்கிய பிறகும் நம்மைப் போன்றவர்கள் அனுப்பும் தகவல்தான் அங்கே ஏராளம், அனுப்பியதைப் பார்த்துவிட்டு ஏற்றுகிறார்கள். யாரும் திருத்தக்கூடிய தகவல் களஞ்சியமான விக்கிடேட்டாவில் நாமே மாற்றினால் உடனே மாறிவிடும். நாம் அனுப்பியதைச் சரிபார்க்கிறவருக்கு நம்ம ஊர் நாடகக்காரர்களைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, காட்டிய ஆதாரம் பொருந்துகிறதா என்றுதான் அவரால் பார்க்க முடியும்.

திருத்தச் சொல்லி அனுப்பியதற்கு, குடும்பத்தார் சொல்வது மட்டும் போதாது என்று தளத்திலிருந்து பதில் வந்ததும் பெரியப்பா மகன் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அப்பாவை எனக்குத் தெரியாதாடா தம்பி?" என்றார். எனக்கு அந்தப் பதில் நியாயமாகவே பட்டது. ஏனென்றால் அண்ணன் காலம் காலமாகச் சொல்லிவரும் ஒரு படத்தை உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம், அதில் வருகிற ஜமீன்தார் பெரியப்பாவே இல்லை, மூக்கே வேறு. அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அதை நான் அனுப்பவில்லை.

டைட்டில் கார்டைக் காட்டலாம் என்றால் அதில் வேறு சிக்கல். யூடியூபில் கிடைக்கிற பிரிண்டில் பாதிப் பெயரை வீடியோ கம்பெனியின் முத்திரை மறைக்கிறது. முழுசாகத் தெரிந்தாலும் பெயர்கள் மொத்தமாக ஒரே கார்டில் வரும், யார் என்ன வேஷம் என்று இருக்காது. அப்படியானால் தளத்தில் பெயருக்கு நேராக 'வக்கீல்' என்று போட்டிருப்பது எங்கிருந்து வந்தது? ஏற்றியவரின் ஊகம், வேறென்ன.

வழி காட்டியது பாட்டுப்புத்தகம். அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்பார்களே, கதைச் சுருக்கம் போட்டு 'மீதியை வெண்திரையில் காண்க' என்று முடிப்பார்களே, அதேதான். பலவற்றில் பாத்திரத்தின் பெயரும் நடிகர் பெயரும் எதிரெதிரே அச்சாகியிருக்கும். மயிலாடுதுறையில் இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிற ஒருவரைப் பிடித்தேன். புத்தகத்தை வெளியே தரமாட்டேன், போட்டோ எடுத்துக்கோங்க சார் என்றார், அது போதும். தமிழ் சினிமா தகவல்களைச் சேகரித்துவைத்த பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்து 2004-இல் வந்த பெரிய நூலையும் புரட்டினோம், ரெண்டு சீன் நடிகர்களை அதில் தேடினால் கிடைக்கவில்லை.

பாட்டுப்புத்தகத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. படம் வருவதற்கு முன்பே அச்சடித்தது, கடைசியில் வெட்டிய பாட்டுகூட அதில் இருக்கும். அதனால் புத்தகப் பக்கத்தின் போட்டோ, டைட்டில் கார்டு, அவர் முகம் தெரிகிற காட்சி, அது எத்தனையாவது நிமிஷத்தில் வருகிறது, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினேன். ஒரு தடவைக்கு ஒரு படம்தான். மொத்தமாக அனுப்பினால் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் எல்லாம் நின்றுவிடும். குறிப்பைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுங்கள், குடும்பப் பெருமை எதுவும் வேண்டாம். டைட்டிலில் பெயர் எப்படி வந்ததோ அதை அப்படியே எழுதத் தனி இடம் இருக்கும், இனிஷியல் குழப்பம் பாதி அங்கேயே தீரும்.

இப்போது அவருக்குத் தனிப் பக்கம் வந்துவிட்டது. பழைய தப்பை நகலெடுத்த தளங்கள் அப்படியேதான் இருக்கின்றன, தேடினால் இன்னும் அந்த இன்னொருவர் போட்டோதான் முதலில் வருகிறது. பிறந்த வருஷத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஜாதகத்தில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, அண்ணன் சொல்வது மூன்றாவது.