முப்பது நட்சத்திரங்கள்: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025, சனி

இன்றுதான் முதல் தடவை போனேன். அமெரிக்காவின் அயோவா மாநிலம் டெ மொயினில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் ஒரு தேவாலயம், அதன் அடித்தளத்தில் நீளமான கூடம். ஆறு தையல் இயந்திரங்கள், இரண்டு இஸ்திரி மேசைகள், சுவரோரம் நிறம் நிறமாகத் துணி அடுக்கிய பெட்டிகள். வந்திருந்த பதினொரு பேரில் ஒன்பது பேர் பாட்டிமார்.

போருக்குப் போய்வந்த படைவீரர்களுக்கு 'குவில்ட்ஸ் ஆஃப் வேலர்' என்ற அமைப்பின் வழியாகப் போர்வை தைக்கும் குழு இது. டெலவேர் மாநிலம் சீஃபோர்டில் கேத்தரின் ராபர்ட்ஸ் என்பவர் 2003இல் தொடங்கிய அமைப்பு. அவருடைய மகன் அப்போது ஈராக்கில் இருந்தார். நள்ளிரவில் கட்டில் ஓரமாகக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன் அவர் கனவில் வந்தானாம். கொஞ்ச நேரத்தில் அதே இளைஞன் ஒரு குவில்ட்டைப் போர்த்திக்கொண்டு தெளிந்த முகத்தோடு இருந்தானாம். அந்த நவம்பரிலேயே வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில், ஈராக்கில் காலை இழந்த ஒரு வீரருக்கு முதல் குவில்ட் போய்விட்டது. இப்போது எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. தலைமை அலுவலகம் எங்களுக்குப் பக்கத்தில், வின்டர்செட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. இத்தனை வருடம் இங்கே இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

குவில்ட் என்றால் மூன்று அடுக்கு. மேலே வெட்டி ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத் துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். நம் ஊரில் பழைய நூல் புடவைகளை நாலாக மடித்து ஓட்டுத்தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்போமே, அதற்கு இது தூரத்து அக்கா.

"யாருக்குக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டேன். குழுவை நடத்தும் அம்மா மெதுவாகத் திருத்தினார். "கொடுக்கிறோம் என்று சொல்லாதீர்கள். பதக்கத்தை அணிவிப்பார்கள் இல்லையா, அந்த மாதிரி இதை வழங்குகிறோம்." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் மனதில் ஓடியது.

ஜனவரி 18, சனி

எனக்கு வந்த வேலை நட்சத்திரச் சதுரம். பன்னிரண்டரை அங்குலத்துக்குத் தைத்துக் கொடுத்தால், நாலு பக்கமும் இணைத்த பிறகு பன்னிரண்டாக நிற்கும். முப்பது சதுரம் சேர்ந்தால் ஒரு போர்வை. குறுக்கே ஐந்து, நெடுக்கே ஆறு, சுற்றிலும் மூன்று அங்குலக் கரை. விரித்தால் 66க்கு 78 அங்குலம் வரும். நல்ல உயரமான ஆள் தோளிலிருந்து கால்வரை போர்த்திக்கொள்ளலாம்.

முதல் சதுரத்தை அளந்தால் மூன்று நூல் குறைவு. எங்கள் தெருத் தையல்காரர் அரைக்கால் அங்குலத்தை ஒரு நூல் என்பார். அந்தக் கணக்கு இன்னும் எனக்குப் போகவில்லை. ஓரத்தில் இரண்டு நூல் விட்டுத் தைக்கச் சொன்னார்கள். நான் அரை நூல் கூடுதலாக விட்டிருக்கிறேன். அரை நூல்தானே என்று தோன்றும். ஆனால் அது இரண்டு பக்கத்துத் துணியிலும் போகிறது. குறுக்கே நாலு துண்டு, நடுவில் மூன்று தையல். சரியாக மூன்று நூல்.

பக்கத்தில் இருந்த எண்பது வயதுப் பாட்டி தையல் பிரிக்கும் கருவியை என் கையில் வைத்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து பிரிக்க ஆரம்பித்தார். இரண்டாம் தடவை சரியாக வந்தது.

ஜனவரி 27, திங்கள்

நான் தைக்கும் குவில்ட் யாருக்கு என்று தெரிந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டுப் பெரியவர். போன கோடையிலேயே அவர் பெயரை அவருடைய மகள் பதிந்திருக்கிறார். வீரர் தானாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, தெரிந்த யாராவது பதியலாம். ஆனால் அவர் சம்மதிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பதால் என்னைப் போய்ப் பேசச் சொன்னார்கள்.

போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் பெரியவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "நான் லாரி ஓட்டினேன், அவ்வளவுதான். உண்மையாகவே சண்டை போட்ட யாருக்காவது கொடுங்கள்."

குழுவில் இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. முக்கால்வாசிப் பேர் முதலில் இப்படித்தான் சொல்வார்களாம். சமையல்காரராக இருந்தவர், தட்டச்சு செய்தவர், விமானத்துக்கு எண்ணெய் மாற்றியவர் என்று எல்லாருக்கும் தங்களைவிடத் தகுதியான இன்னொருவர் நினைவில் இருக்கிறார். பெரும்பாலும் அவர் திரும்பி வராதவர்.

ஜனவரி 30, வியாழன்

வியட்நாம் போரில் அவர் 1968இலும் 69இலும் லாரி ஓட்டிய சாலையைப் பற்றிப் படித்தேன். கூய் நோன் துறைமுகத்திலிருந்து மலைமேல் ப்ளேக்கு வரை போகும் 19ஆம் எண் சாலை. முகாம்களுக்கு வேண்டிய எரிபொருள், குண்டு, உணவு எல்லாம் அதில்தான் ஏறும். ஆன் கே கணவாயின் வளைவுகளில் லாரிகள் ஆமைபோல் ஊரும்போது இரண்டு பக்கமும் மறைந்திருந்து தாக்குவார்கள். 1967 செப்டம்பர் 2 அன்று திரும்பி வந்துகொண்டிருந்த ஒரு லாரி வரிசை அந்தச் சாலையில் பெரிய தாக்குதலில் சிக்கியது. அதன் பிறகு ஓட்டுநர்களே லாரிகளில் இரும்புத் தகடு அடித்து, இயந்திரத் துப்பாக்கி பொருத்தி, வரிசைக்குக் காவலாக ஓட்ட ஆரம்பித்தார்கள். இதைத்தான் அவர் "லாரி ஓட்டினேன், அவ்வளவுதான்" என்கிறார்.

பிப்ரவரி 1, சனி

பிப்ரவரி முதல் சனிக்கிழமை நாடு முழுவதும் இந்தக் குழுக்கள் ஒரே நாளில் உட்கார்ந்து தைக்கின்றன. எங்கள் கூடத்தில் இன்று நாற்பது பேருக்கு மேல். காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தது, எழுந்தபோது இருட்டிவிட்டது. என் கணவரும் வந்தார். அவருக்குத் தைக்கத் தெரியாது, அதனால் இஸ்திரி அவர் பொறுப்பு. முப்பது சதுரமும் முடிந்து, தரையில் பரப்பி, நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்து, நிறம் மாற்றி மாற்றி அடுக்கினோம். ஒரு சதுரம் தலைகீழாக இருந்தது, நல்லவேளை இணைப்பதற்கு முன்னாலேயே கண்ணில் பட்டது.

அப்புறம் ஒரு நல்ல செய்தி. பெரியவர் சம்மதித்துவிட்டார். மனைவிதான் பேசியிருக்க வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படைக்காகப் பெண்கள் செய்த குவில்ட்டுகள் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. ராணுவக் கட்டில் அகலத்துக்கு ஒடுக்கமாக, ஏழடி நீளத்துக்கு நாலடி அகலமாகத் தைத்து, வீரர்களுக்கு உதவிப் பொருள் சேர்த்த சானிட்டரி கமிஷன் என்ற அமைப்புக்கு அனுப்பினார்கள். இன்று மிச்சம் இருப்பவை மிக மிகக் கொஞ்சம். சேற்றில், மழையில், மருத்துவமனைகளில் கிழியும்வரை போர்த்தியிருக்கிறார்கள். சிலரை அதிலேயே சுற்றிப் புதைத்திருக்கிறார்கள். கைவேலைக்காரியாக எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. யோசித்தபின் அப்படி இல்லை.

பிப்ரவரி 22, சனி

லாங்ஆர்ம் இயந்திரம் வைத்திருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போனோம். பன்னிரண்டடிச் சட்டத்தில் மூன்று அடுக்கையும் இழுத்துக் கட்டி, இயந்திரத்தின் தலையைக் கையால் பிடித்து நகர்த்திக் கோலம் போடுவதுபோல் தைக்கிறார். நூல் முடிச்சு மட்டும் போட்டு அடுக்குகளைப் பிடிக்கவைத்தால் இந்த அமைப்பில் ஏற்க மாட்டார்கள். பல வருடம் துவைத்தாலும் பஞ்சு இடம் மாறக் கூடாது.

மார்ச் 15, சனி

விளிம்புப் பட்டியைக் கையால் மடித்துத் தைத்தேன். எட்டு மாலை ஆனது. பின்பக்கத்தில் பெயர்த்துணியும் வைத்தாயிற்று. யாருக்கு, தைத்தது யார், மேல்தையல் போட்டது யார், எந்த ஊர், எந்தத் தேதி. என் பெயரைத் தமிழிலும் எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள்.

வழங்குவதற்கு முன் ஒரு தடவை துவைக்க வேண்டும். துவைத்து எடுத்தபோது இரண்டு வெள்ளை நட்சத்திரங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. சிவப்புத் துணியின் சாயத்தை நான் முன்பே சோதித்திருக்க வேண்டும். அழுதேவிட்டேன். குழு அம்மா போனில் சொல்லச் சொல்ல, சாயம் உறிஞ்சும் தாள்களைப் போட்டு, காயவிடாமல் மறுபடி இரண்டு தடவை துவைத்தேன். இரவு பதினொன்றரைக்கு வெள்ளை திரும்பியது. ஒரு மூலையில் மட்டும் மெல்லிய சாயை இருக்கிறது. எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது என்கிறார் கணவர்.

மார்ச் 29, சனி

1973இல் இதே நாளில்தான் கடைசி அமெரிக்கப் போர்ப் படையினர் வியட்நாமை விட்டுக் கிளம்பினார்கள். 2017 முதல் சட்டப்படி இது வியட்நாம் போர் வீரர்கள் நாள்.

கூடத்தில் ஐந்து பேருக்கு வழங்கினோம். பெயர் சொல்லி அழைத்து, எங்கே எப்போது பணியாற்றினார் என்று வாசித்து, இரண்டு பேர் பின்னாலிருந்து குவில்ட்டைத் தோளில் போர்த்த வேண்டும். எங்கள் பெரியவருக்கு நானும் அந்த எண்பது வயதுப் பாட்டியும் போர்த்தினோம். பாட்டி அவர் காதருகே, "வீட்டுக்கு வந்ததற்கு நல்வரவு" என்றார். அவர் நிமிர்ந்து நின்றார். போர்வையின் இரு ஓரங்களையும் நெஞ்சருகே இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நடுங்கின.

பிறகு தேநீர் குடிக்கும்போது, யாரும் கேட்காமலேயே பேசினார். 1969இல் விமான நிலையக் கழிப்பறையில் சீருடையை மாற்றிக்கொண்டுதான் பேருந்து ஏறினாராம். மறுநாள் காலை அப்பா வயல் வேலைக்குக் கூப்பிட்டார், போனார். "இத்தனை வருடத்தில் இந்த வார்த்தையை என்னிடம் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாதான்."

என் பெரியப்பாவை நினைத்துக்கொண்டேன். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருந்தவர். விடுமுறைக்குக் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வருவார். ஊரில் எல்லாரும் அவரிடம் கேட்டது கேன்டீன் சாமான்தான். அங்கே எப்படி இருந்தது பெரியப்பா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

சாம்பார் கொடுக்கப் போனேன். பெரியவர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார், மேலே குவில்ட், அதன் மேல் நாய். சுவரில் மாட்டி வைத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். மனைவி குரலைத் தாழ்த்தி, காபி கொட்டிவிட்டது, எப்படித் துவைப்பது என்று கேட்டார். குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு என்றேன்.

அப்புறம் அவர் ஒரு சின்னக் கொடியை எடுத்துக் காட்டினார். சிவப்புக் கரை, வெள்ளை நடுப்பகுதி, ஒரு நீல நட்சத்திரம். முதல் உலகப் போரின்போது, 1917இல், ஒஹாயோவைச் சேர்ந்த ஒரு ராணுவ கேப்டன் தன் இரண்டு மகன்களுக்காக வடிவமைத்தது. வீட்டில் ஒருவர் படையில் இருந்தால் ஜன்னலில் நீல நட்சத்திரம். அவர் இறந்தால் அதன்மேல் தங்க நட்சத்திரம். பெரியவர் போன அந்தப் பன்னிரண்டு மாதமும் அவருடைய அம்மா இதை ஜன்னலில் மாட்டியிருந்தார். கல்யாணமாகி மூன்று மாதமே ஆன இந்த அம்மாவும் அதே வீட்டில்தான். "தினமும் வேலை விட்டுத் தெருமுனை திரும்பும்போது முதலில் அதன் நிறத்தைத்தான் பார்ப்பேன். நீலமாக இருந்தால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பேன்."

குவில்ட்ஸ் ஆஃப் வேலர் படையில் இருந்தவர்களுக்கு மட்டும். அப்பாவோ அம்மாவோ வெளிநாட்டுப் பணிக்குப் போன குழந்தைகளுக்கு, அவர்கள் புகைப்படத்தைத் துணியில் பதித்து படைவீரர் குடும்பங்களுக்கு உதவும் ஆர்ம்டு சர்வீசஸ் ஒய்எம்சிஏ என்ற அமைப்பு குவில்ட் செய்து தருகிறது. காத்திருந்த மனைவிக்கு என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பிறகு தேடுவதை விட்டுவிட்டேன். தைக்கத்தான் தெரியுமே.

மிச்சத் துணி நிறைய இருக்கிறது, உங்களுக்கும் மடியில் போட்டுக்கொள்ள ஒன்று செய்யட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கொடியை மடித்துக்கொண்டே இருந்தார்.

"செய்யுங்கள். ஆனால் நீலம் வேண்டாம். நட்சத்திரமும் வேண்டாம். பச்சை இருக்கிறதா?"

பச்சை இல்லை. நாளைக்குக் கடைக்குப் போக வேண்டும்.