ஒரு சிலையின் முன் அரை மணி நேரம்

அப்பா மறைந்த சில வாரங்களில், வீட்டில் இருக்கவும் முடியாமல் யாரிடமும் பேசவும் முடியாமல், ஒரு நாள் காலை எழும்பூர் அருங்காட்சியகத்திற்குச் சென்றேன். வெண்கலச் சிலைகளிடையே, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நின்றவன் வெகுநேரம் நகரவில்லை. வலப்புறம் இரு கைகளும் இடப்புறம் ஒரே கையுமாக நிற்கும் அவ்வுருவத்தில், ஆணுடலின் திரட்சி எந்த இடத்தில் பெண்ணுடலின் குழைவாக மாறுகிறது என்று தேடிக்கொண்டே இருந்தேன். அந்தச் சோழர் காலச் சிற்பி எல்லை எதையும் விட்டுவைக்கவில்லை. அவ்வளவு நேரமும் மருத்துவமனை நினைவே வரவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. துக்கம் தீர்ந்துவிடவில்லை, ஆனாலும் அன்றிரவு தூங்கினேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். டெய்சி ஃபான்கோர்ட், ஆண்ட்ரூ ஸ்டெப்டோ ஆகியோர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன ஆறாயிரத்துக்கும் அதிகமானோரை ஏறத்தாழ 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. சில மாதங்களுக்கு ஒருமுறையேனும் அருங்காட்சியகம், நாடகம், இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்குச் சென்றவர்களுக்கு, அறவே செல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 31 விழுக்காடு குறைவாக இருந்தது. வசதியையும் உடல்நலத்தையும் கணக்கில் கொண்ட பிறகு கிடைத்த எண் இது; ஆயினும் இத்தகைய ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர, காரணத்தை நிறுவிவிடாது.

என்னை அதிகம் அசைத்தது இலண்டன் நேஷனல் கேலரியின் போர்க்கால வரலாறுதான். 1939-இல் ஓவியங்கள் அனைத்தும் பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டன. 1941-இல் வேல்ஸ் மலையொன்றின் கற்பலகைச் சுரங்கத்திற்குள் அவை சென்று சேர்ந்தன. கட்டடத்தின் மீதும் குண்டுகள் விழுந்தன. ஓர் ஓவியத்தையாவது காட்டக் கூடாதா என்று மக்கள் கேட்க, 1942 முதல் மாதத்திற்கு ஒன்று வீதம் நகருக்குக் கொண்டுவந்தார்கள். டிஷியன் வரைந்த, உயிர்த்தெழுந்த இயேசுவை மகதலேனா மரியாள் காணும் ஓவியம் அவ்வாறு வந்தவற்றுள் ஒன்று. வீடிழந்தவர்களும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் வாழ்ந்த நகரில், அந்த ஒரே சட்டகத்தைக் காண மக்கள் திரண்டார்கள்.

ஒன்றே ஒன்று இருந்ததால்தான் அவர்களால் நின்று பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன். ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் சுற்றி முடித்த நாள்களில் எனக்குக் கால்வலிதான் மிஞ்சியிருக்கிறது. இப்போதெல்லாம் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதனுடன் மட்டுமே இருக்கிறேன். சென்ற மாதம் அம்மாவுடன் திருவாலங்காட்டு நடராசர் முன் நின்றேன். "அப்பா இதைப் பார்த்திருக்காரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு இருவரும் நெடுநேரம் பேசவில்லை.