குழாய்க்குள் விரிந்த வலை

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில், இரத்த மாதிரிகளைப் பெற்றுப் பிரித்துக் கடுங்குளிரில் உறையவைக்கும் பணியில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் நியூட்ரோஃபில் வலைகளின் தடயத்தை அளந்து, நோய் பரவும் போக்கை அதிலிருந்து கணிக்க இயலுமா என்று பார்ப்பதே திட்டம்.

நம் வெள்ளணுக்களில் பாதிக்கும் மேல் நியூட்ரோஃபில்கள். அவை கிருமிகளை விழுங்கும் என்பது பழைய செய்தி. தம் உட்கருவின் டி.என்.ஏ.வையே இழை இழையாகப் பிரித்து, அதில் கிருமிகொல்லும் நொதிகளை ஏற்றி, வலையாக வெளியே வீசவும் செய்கின்றன என்பதை 2004இல் பெர்லினில் சிக்லின்ஸ்கியின் குழு வெளியிட்டது. அந்த வலை புற்றுநோய்க்குத் துணைபோகிறது என்பது பிறகு தெரிந்தது. புகையிலைப் புகையால் எலிகளின் நுரையீரலில் அழற்சி உண்டானபோது, வலையிலிருந்த நொதிகள் லாமினின் என்னும் புரதத்தை வெட்டி, அங்கே உறங்கிக் கிடந்த புற்றணுக்களை எழுப்பிவிட்டதை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். வலை விரியும்போது, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில் சிட்ருல்லின் மாற்றம் என்னும் வேதி மாற்றம் நிகழ்கிறது. அந்த ஹிஸ்டோனையும், நியூட்ரோஃபில் நொதியான மைலோபெராக்சிடேஸ் ஒட்டிய டி.என்.ஏ.வையும், எதிர்ப்புரதங்களைக் கொண்டு அளக்கும் எலிசா முறையில் அளந்தோம்.

முதல் ஆண்டின் முடிவில் ஒரு விந்தை தென்பட்டது. கடலூரில் எடுத்த மாதிரிகளில் அளவுகள் புதுச்சேரி மாதிரிகளைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தன. தொழிற்சாலைப் புகை காரணமாக இருக்குமோ என்று ஒருவர் சொல்ல, அடுத்த கூட்டத்திற்குள் அது ஏறத்தாழ முடிவாகவே ஆகிவிட்டது. எனக்கும் அந்த விளக்கம் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. உடன் வந்த உறவினர்களிடம் ஒப்பீட்டுக்காக எடுத்த இரத்தத்திலும் கடலூரில் அதே உயர்வு இருப்பதைக் கண்ட பிறகுதான் பதிவேட்டைப் புரட்டினேன்.

‘இரத்தம் எடுத்த நேரம்’ என்ற பத்தியில், மாதிரி எங்கள் கைக்கு வந்த நேரத்தையே மாதக்கணக்கில் எழுதிவந்திருக்கிறேன். காலை ஏழு மணிக்கு எடுத்த இரத்தம், கடைசி நோயாளி வரும்வரை மேசையில் காத்திருந்து, ரெட்டிச்சாவடி, முள்ளோடை கடந்து, அரியாங்குப்பத்து நெரிசலில் நின்று, பிற்பகலில் வந்து சேர்ந்திருந்தது. போதாததற்கு, இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாய் தீர்ந்த நாள்களில் சிவப்பு மூடிக் குழாயில் எடுத்திருந்தார்கள். அதில் இரத்தம் உறையும்போதே வெள்ளணுக்கள் தூண்டப்பட்டும் சிதைந்தும் டி.என்.ஏ.வைக் கொட்டிவிடும். அதாவது நாங்கள் அளந்த வலையில் ஒரு பங்கு நோயாளியின் உடலில் விரிந்ததே அல்ல.

உறுதி செய்வதற்காக என் இரத்தத்தையே எடுத்து, ஒரு குழாயை உடனேயும் மற்றவற்றை இரண்டு, நான்கு, எட்டு மணி நேரம் கழித்தும் சுழற்றினேன். நேரம் கூடக் கூட எண்ணும் ஏறியது. சிவப்பு மூடிக் குழாய் எல்லாவற்றையும் மிஞ்சியது. எனக்குப் புற்றுநோய் இல்லை. வெட்கத்துடன் அந்தத் தாளை மேற்பார்வையாளரிடம் நீட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, கடலூர் மாதிரிகள் முழுவதையும் நீக்கச் சொன்னார். அதுவே பெரிய தண்டனையாக இருந்தது, ஏனெனில் ஒவ்வொரு குழாய்க்கும் பின்னால் ஊசிக்குக் கை நீட்டிய ஒருவர் இருந்தார்.

அதன்பின் இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சிறிய சென்ட்ரிஃபியூஜ் ஒன்றைக் கடலூருக்கே கொண்டுசென்று, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தோம். இரு ஊர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்தது. நோயாளிகளுக்கும் உறவினர்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு மிஞ்சியது, முன்பு கண்ட உயரத்தில் அல்ல.

அந்த நாள்களில் தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரிடம் ஒப்புதல் பெறும்போது வலையைப் பற்றி விளக்கினேன். நீரிழிவால் ஆறாத புண் ஒன்றுக்கு அவர் காலில் கட்டுப் போட்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “இந்தப் புண்ணுக்கும் அதே வலையைத்தானே தம்பி வீசும்? எது எதுக்கு வீசினதுன்னு எப்படிப் பிரிப்பீங்க?” என்றார். பிரிக்க முடியாது என்றேன். நோய்த்தொற்றிலும் நீரிழிவிலும் இந்த அளவுகள் உயரும் என்று படித்திருந்தும், எங்கள் படிவத்தில் புண்ணைப் பற்றிய கேள்வியே இருக்கவில்லை. மறுவாரம் அச்சிட்ட படிவத்தில் அது இடம்பெற்றது. அதற்கு மேலே, இரத்தம் எடுத்த நேரத்தை எடுப்பவரே எழுதிக் கையொப்பமிடக் கட்டமும்.