முன்பாரமும் பக்கப்பாரமும்

கீரிமலையின் பெயரில் மலை இருக்கிறதே தவிர, யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கென்று ஒரு மலையும் இல்லை. பனையை விட உயரமான எதையும் பார்த்து வளராத நான், பிரான்சின் தெற்கே உள்ள செவென் மலைகளில் நான்கு கோடைகாலம் கழுதைகளோடு நடந்து சம்பாதித்தேன் என்றால், ஊரில் முதலில் சிரித்துவிட்டுத்தான் மீதியைக் கேட்கிறார்கள். கணக்குப் பிழைக்கும்போதெல்லாம் “நீ கழுதை மேய்க்கத்தான் போவாய்” என்று ஏசிய வாத்தியாரின் வாக்குப் பலித்துவிட்டதாக அம்மாவுக்கு இன்றும் ஒரு மனக்குறை உண்டு.

ல புய் நகரிலிருந்து அலெஸ் வரை ஏறத்தாழ 270 கிலோமீற்றர் நீளும் அந்த நடைபாதைக்கு ஜி.ஆர். 70 என்று பெயர். 1878 இல் ஸ்டீவன்சன் என்ற ஸ்கொட்லாந்து எழுத்தாளர் மொடெஸ்டின் என்னும் கழுதையோடு 12 நாட்கள் நடந்த தடத்தை ஒட்டியது அது. இன்று அங்கே நடக்க வருபவர்கள் தண்ணீரையும் மழைச்சட்டையையும் மட்டும் தாங்கள் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கழுதையின் மேல் ஏற்றிவிடுகிறார்கள். ஒரு கழுதைக்கு 40 கிலோ வரைதான் ஏற்றுவோம். வீட்டு முற்றம் கடக்கவே சிணுங்குகிற பிள்ளைகள் கூடக் கயிற்றைக் கையில் கொடுத்தால் 15 கிலோமீற்றர் நடந்துவிடும். கழுதை சுமப்பதில் பாதிக்கு மேல் அந்தச் சிணுங்கல்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

வழிகாட்டியின் வேலை நடக்கத் தொடங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே தொடங்கிவிடும். முதுகைத் தூரிகையால் தேய்த்து முள்ளோ மண்ணோ இல்லாமற் செய்ய வேண்டும். குளம்புகளைத் தூக்கிக் கல்லைக் கிண்டி எடுக்க வேண்டும். போர்வையை ஒரு சுருக்கமும் விழாமல் விரித்து, அதன்மேல் சேணத்தை வைத்து அடிவாரை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கழுதை வயிற்றை உப்பிக்கொள்ளும் என்பதால், பத்து நிமிடம் நடந்த பிறகு இன்னொரு தரம் இறுக்க வேண்டும். பிறகு இரண்டு பக்கப் பைகளையும் கொழுக்கித் தராசில் தூக்கி நிறுத்துச் சமப்படுத்த வேண்டும். தொலைபேசியில் இதைச் சொன்னபோது ஐயாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சுன்னாகம் சந்தைக்கு வெங்காயம் ஏற்றிய வண்டில்காரர் அவர். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்துப் புண்படும், பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து கயிறு தொண்டையை இறுக்கும் என்பது அவருக்குக் கைப்பாடம். “உனக்குப் பக்கப்பாரம், எனக்கு முன்பாரம், வேறை என்ன?” என்றார்.

இரண்டாவது கோடையில் ல ப்ளேமாரிலிருந்து ல போன் து மோன்வேருக்குப் போகும் நாளில்தான் நான் பிழைவிட்டேன். மோன் லோசேரின் 1699 மீற்றர் உச்சியைக் கடக்கும் பாதை அது. உச்சியில் மூடுபனி இறங்கிவிட்டால், முற்காலத்தில் வழிப்போக்கருக்காக நட்டுவைத்த கருங்கற்களை ஒவ்வொன்றாகத் தேடித்தான் நடக்க வேண்டும். அந்தப் பக்கத்துச் சில கிராமங்களில், பனிப்புயலில் வழி தவறியவர்களுக்காக மணி அடிப்பதற்கென்றே கட்டிய சிறு மணிக்கூண்டுகள் இன்றும் நிற்கின்றன. அன்று என்னோடு வந்த கழுதைக்குப் பிரெஞ்சில் கனெல் என்று பெயர். அதன் பொருளை வைத்து நான் கறுவா என்றே கூப்பிடுவேன். இறக்கத்தில் அது திடீரென்று நின்றுவிட்டது. குதிரை பயந்தால் ஓடும், கழுதை பயந்தாலும் நொந்தாலும் நின்று யோசிக்கும் என்று முதலாளி அம்மா முதல் நாளே சொல்லித் தந்திருந்தும், மழைக்கு முன் ஊர் சேர வேண்டுமென்ற அவசரத்தில் நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்கக் கால்களை ஊன்றிக்கொண்டது. ஒரு காதை மட்டும் பின்னே திருப்பி வைத்திருந்ததைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

போர்வைக்குள் கையை விட்டபோது சூடாகவும் ஈரமாகவும் இருந்தது. சேணம் இடப்பக்கம் சரிந்து, தோளுக்குச் சற்றுப் பின்னே ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு மயிர் உரிந்திருந்தது. மதியம் சாப்பிட இருந்த இடத்தில் ஒருவர் தன்னுடைய இரண்டு தண்ணீர்ப் போத்தல்களையும் இடப்பக்கப் பைக்குள் வைத்திருக்கிறார், மூன்று கிலோ. நான் திரும்ப நிறுக்கவில்லை. மீதி வழிக்கு மூட்டைகளை ஆளுக்கொன்றாக நாங்களே சுமந்தோம். அடுத்த மூன்று நாளும் கறுவா வெறும் முதுகோடு நடந்தது. பொதிகள் வாகனத்தில் போயின. முதலாளி அம்மா என்னை ஏசவில்லை. மாலையில் அந்த இடத்தை உப்புத் தண்ணீரால் கழுவும் வேலையை மட்டும் எனக்குத் தந்தார். முதல் நாள் என் கையைக் கண்டதும் கறுவா ஓரடி விலகி நின்றது.

ஊர் திரும்பிய பிறகு, வண்டிற் சில்லுகள் சாத்தியிருக்கும் கொட்டிலுக்குள் இருந்து இந்தக் கதையை ஐயாவுக்குச் சொன்னேன். பனியையும் மணிக்கூண்டையும் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“எந்த இடத்திலை உரஞ்சினது?”

“இடப்பக்கம், தோளுக்குப் பின்னாலை.”

“சாப்பிட்டு எழும்பினாப் பிறகு வாரை இறுக்கினனியோ?”

நான் பேசாமல் இருந்தேன்.

“அப்ப வார்தான் தளர்ந்திருக்கு. போத்தலைச் சாட்டாதை” என்றார்.